தம் இருக்கா?

தாமிரபரணிக் கரையூர்களில் கபடி பார்த்தவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். பாடிப் போகிறவனுக்கு ஓரத்திலிருந்து, "தம்ம விட்ராதலே!" என்று குரல் வரும். ஆட்டம் முடிந்தபின் அவன் திறமைக்குக் கிடைக்கும் சான்றிதழும் அதே சொல்தான்: "பயலுக்கு நல்ல தம் உண்டு."

'தம்' பாரசீகச் சொல், பொருள் மூச்சு. உருது வழியாக நம்மிடம் வந்தது. மூடிய சட்டிக்குள் ஆவியை அடக்கிச் சமைப்பதால்தான் தம் பிரியாணி. பாரசீகத்தில் இந்தச் சொல்லுக்கு 'கணம்' என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருள் தமிழுக்கு வரவில்லை. ஆனால் கபடியில் அது உயிரோடு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கடிகாரம் இல்லாத களத்துமேட்டில் ஒருவன் எதிரணிக்குள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அவன் மூச்சுதானே அளந்தது? 30 விநாடிக் கணக்கெல்லாம் பிறகு வந்தது.

பாய்ந்து தொட்டுத் திரும்பும் அந்தச் சில விநாடிகளுக்கான ஆற்றலில் பெரும்பங்கு, தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. அப்படியானால் நெஞ்சு ஏன் முட்டுகிறது? இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை மூளையின் முகுளம் உணர்ந்து, 'மூச்சை இழு' என்று நெருக்குகிறது. ஆக்சிஜன் தீரும் முன்பே இந்த நெருக்கல் தொடங்கிவிடும். அதைத் தாங்கிக்கொண்டு, குரல் அறாமல், கால் தடுமாறாமல் கோட்டைத் தொடுவதுதான் தம். பழகப் பழக உடல் இன்னும் கொஞ்சம் தாங்கும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் களங்களில் வளர்ந்தவர். அர்ஜுனா விருது வரை போனார்.

ஆற்றில் தம் கட்டி முங்குவது வேறு கதை. போட்டிக்கு முங்கும் சிறுவர்கள் சிலர் முதலில் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். இதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. எச்சரிக்கை மணி பிந்துகிறது. அது அடிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் சத்தமில்லாமல் மூழ்குவான். குறுக்குத்துறைப் படிகளிலோ வேறெந்தப் படித்துறையிலோ ஒரு பையன் அப்படி மூச்சு வாங்குவதைக் கண்டால், முங்க விடாதீர்கள்.