பிசிக்ஸில் எதை முதலில் படிப்பது?

"அம்மா, நான் பரீட்சையே எழுதலை. பிசிக்ஸ் என்னால முடியாது!"

சாமை அறுப்பை முடித்துக் களைப்போடு வீட்டுக்குள் நுழைந்த என்னிடம், பிளஸ் டூ படிக்கும் என் மகள் இப்படிச் சொல்லி அழுதாள். ஜனவரியில் ஜே.இ.இ. மெயின் தேர்வு. இருந்ததோ மூன்றே மாதம். 'சுழல் இயக்கம்' என்ற ஒரே பாடத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கிறாள். மாதிரித் தேர்வில் அதிலிருந்து வந்தது ஒரே கேள்வி. அதுவும் தப்பு!

எங்கள் சித்தேரியில் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? ஆனாலும் 2025-ல், பக்கத்துக் கல்வராயன் மலையில், கருமந்துறை அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலேயே வென்றாளே! மனசைத் திடப்படுத்திக்கொண்டு, அரூரில் ஆசிரியையாக இருக்கும் என் நாத்தனாரை வரவழைத்தேன்.

"அண்ணி, பிசிக்ஸுக்கு 25 கேள்வி, 100 மார்க். சரியா எழுதினா நாலு மார்க். தப்பா எழுதினா ஒண்ணு போயிடும். எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தா கட்டுப்படி ஆகாது" என்றாள்.

பழைய கேள்வித்தாள்களைப் பார்த்துப் பாடங்களை மூன்றாகப் பிரித்தோம்.

முதலாவது, சீக்கிரம் கைவருபவை: அலகுகளும் பரிமாணங்களும், இருமைப் பண்பு, அணுவும் அணுக்கருவும், குறைகடத்திகள், வெப்ப இயக்கவியல். சூத்திரம் புரிந்துவிட்டால் நேரடியாகப் போடக்கூடிய கணக்குகள் இவற்றில் அதிகம்.

இரண்டாவது, நிலை மின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், ஒளியியல். கேள்விகள் நிறைய வரும். பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கும் இவையே பாடம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு அந்த மதிப்பெண்தானே கணக்கு!

மூன்றாவது, சுழல் இயக்கம் போல நேரத்தை விழுங்குபவை.

"அப்போ இதை விட்டுடலாமா அத்தை?"

"விடாதே. நியூட்டன் விதியும் வேலை, ஆற்றலும் சரியா வராம இதுல குதிச்சதுதான் உன் தப்பு. அஸ்திவாரத்தைப் போடு. அப்புறம் இதுக்கு வா."

இன்னொன்றும் சொன்னாள். பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் 'தகவல் தொடர்பு' பகுதி, 2024 முதல் ஜே.இ.இ. மெயினில் கிடையாது. அதைப் பொதுத் தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும். 2021 முதல் இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என் பங்கு என்ன? ஞாயிறுதோறும் கடிகாரத்தை வைத்து ஒரு பழைய கேள்வித்தாள் எழுத வைக்கிறேன். தப்பான கணக்குகளைத் தனி நோட்டில் எழுதி, மறுநாள் திரும்பப் போடச் சொல்கிறேன். அந்த நேரத்தில் வீட்டு வேலை எதுவும் அவளுக்குக் கிடையாது.

போன வாரம் 25-க்கு 14 சரி! தெரியாததைத் துணிந்து விட்டுவிட்டதால் வீணாய்ப் போன மார்க்கும் குறைவு. நேற்று ராத்திரி எட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே சுழல் இயக்கத்தைப் பிரித்து வைத்திருந்தாள்.

சகோதரிகளே, பாடம் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். "இன்னிக்கு எதை முதல்ல படிக்கப் போறே?" என்று கேட்க நம்மால் முடியுமே!