றங்குப்பெட்டியும் ஒரு கல்வெட்டும்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழியடியில் நெரிசலுக்குள் அம்மா கேட்டது ஒன்றுதான்: "உறுதி எடுத்தனியே பிள்ளை?" எடுத்திருந்தேன். காணி உறுதிகள் பொலித்தீன் பைக்குள் என் நெஞ்சோடு இருந்தன. கல்வெட்டுகள் கிடந்த றங்குப்பெட்டியைத்தான் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டியின் அடி கறள் தின்று ஓட்டையாகியிருந்தது. உள்ளே கறையான் புற்று.

எங்களூரில் கல்வெட்டு என்பது கல்லில் பொறிப்பதல்ல. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கிற சிறு புத்தகம். முதலில் திதி வெண்பா, பிறகு தேவாரம், அதன் பின்னே வம்ச வழி. யார் எந்த ஊரில் பெண் எடுத்தார், யார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்து கல்வீடு கட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த அரசாங்கப் பதிவிலும் இவ்வளவு வராது.

பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் என்றதும் ஓலைச்சுவடியையும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பையுமே நினைக்கிறோம். அவை பெரிய செல்வங்கள்தான். ஆனால் ஊர் வரலாற்றுக்குக் கும்பாபிஷேக மலரும், பள்ளிக்கூட நூற்றாண்டு மலரும், பழைய பஞ்சாங்கமும் வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையும் வேண்டும். அந்தத் தாளே ஒரு சாட்சி.

அம்மாவின் சீதன உறுதியை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர், நான்கு எல்லை, பங்குக் கிணறு, வழி வாய்க்கால் உரிமை. அளவு சொல்லும் இடத்தில் இத்தனை பரப்பு வரகு என்றிருக்கும். அந்த மண்ணில் வரகு விதைத்தவரை இன்று யாரும் கண்டதில்லை, என் அப்பு காலத்திலேயே புகையிலைதான். நொத்தாரிசின் எழுத்தில் மட்டும் வரகு இன்னும் நிற்கிறது. 1707இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே வைத்தது. அதனால் கல்வெட்டு பெரும்பாலும் தகப்பன் வழியைச் சொல்ல, உறுதி தாய் வழியைக் காட்டித்தரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒரு ஊரைப் படிக்க வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதைக் கண்ட தலைமுறை நாங்கள். அப்படியிருந்தும் வீட்டிலுள்ளதைப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துப் போடுகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை. நூலகம் நிறுவனம் 2005 முதல் எங்கள் நூல்களையும் நினைவு மலர்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்துவருகிறது. கொடுப்பதற்கு ஆட்கள் வேண்டும்.

அப்புவின் கல்வெட்டு போனதுதான் என்றிருந்தேன். போன வருடம் கோலாலம்பூரில் ஒரு மச்சாளின் அலுமாரியில் ஒரு பிரதி அகப்பட்டது. வெண்பாவில் இரண்டு எழுத்தைப் பூச்சி அரித்திருந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்தேன். வாங்கிய பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, பேனையை ஒதுக்கிவைத்துவிட்டு, மூலையில் பென்சிலால் மெல்ல ஒரு இலக்கம் எழுதினாள்.