பத்துமலைக்கு நடக்கப் போகிறீர்களா?

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொள்வோர் நம் தோட்டப்புறங்களில் இன்றும் உண்டு. கோலசிலாங்கூரிலிருந்து புறப்பட்டால் ஈஜோக், சுங்கை பூலோ வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து பலர் இரவில் நடக்கிறார்கள். ஆபத்தும் அந்த இருட்டில்தான் இருக்கிறது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரே விநாடியில் 25 மீட்டரைக் கடந்துவிடும். கறுப்புச் சட்டை அணிந்தவரை ஓட்டுநர் கண்டு பிரேக் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி தொலைவிலேயே தெரியும். சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். துணைக்கு வரும் கார் பின்னால் ஊர்ந்து வரக்கூடாது. முன்னே சென்று பெட்ரோல் நிலையத்தில் காத்திருக்கட்டும்.

அடுத்தது பாதம். நீரிழிவுள்ள பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். கொப்புளம் உடைந்தாலும் தார் சுட்டாலும் தெரியாது. அந்தப் புண் முற்றினால் காலையே இழக்க நேரிடும். அவர்கள் வழியெல்லாம் காலணியோடு நடந்து, கோயில் வாசலில் கழற்றினால் போதும்.

வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தாலும் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம். இடையிடையே உப்பிட்ட மோரோ கஞ்சியோ குடிக்கலாம். ஒருவருக்கு உடல் கொதித்துப் பேச்சு குழறினால், உடலை நனைத்து உடனே 999ஐ அழையுங்கள்.

இவ்வாண்டு அப்பாவோ அம்மாவோ நடக்கப் போவதாகச் சொன்னால், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேலங்கியும் நல்ல காலணியும் வாங்கிக் கொடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு 272 படிகள் ஏற வேண்டுமே!