2 ஜிபி தீர்ந்த பிறகுதான் செலவே ஆரம்பிச்சது!

2021 ஜனவரி. ஆன்லைன் வகுப்புக்காக, ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜிபி இலவச டேட்டான்னு தமிழக அரசு அறிவிச்சது ஞாபகம் இருக்கா? என் தம்பி அப்போ ஃபைனல் இயர். கேமரா ஆஃப், கை ரீல்ஸ்ல. மதியத்துக்குள்ள டேட்டா காலி, அப்புறம் டாப்-அப்.

இப்போ வேலைக்குப் போறான், பழக்கம் மட்டும் போகல. அவன் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தோம். போன மாசம் ராத்திரி 12 மணிக்கு மேல யுபிஐ-ல போனது மட்டும் 3,400 ரூபாய். 25-ஆம் தேதி போக வேண்டிய 2,000 ரூபாய் எஸ்ஐபி, பேலன்ஸ் இல்லாம பவுன்ஸ்! பேங்க் அபராதம் வேற. (நானும் யோக்கியன் இல்லைங்க, இதை எழுதறதுக்குள்ள மூணு தடவை போனை எடுத்துட்டேன்.)

எஸ்ஐபி-யை சம்பளம் வந்த மறுநாளுக்கு மாத்தினோம். சம்பள அக்கவுண்ட்ல இருந்து யுபிஐ-யைக் கழட்டியாச்சு. வேற அக்கவுண்ட்ல வாரம் 1,000 மட்டும். போனுக்கு ராத்திரி ஹால்லதான் சார்ஜ். நேத்து 1 மணிக்கு ஹால்ல வெளிச்சம். போய்ப் பார்த்தா, தரையில உட்கார்ந்திருக்கான்.