இழுத்தால் போதாது, தாங்க வேண்டும்

அமெரிக்காவில் மண் வேலையும் கட்டட வேலையும் எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரருக்கு டீசல் பிக்கப் என்பது பிழைப்புக்கான கருவி. நம் ஊரில் ஜேசிபி பெரும்பாலும் தன் சக்கரத்திலேயே அடுத்த வேலைக்குப் போய்விடும். அங்கே ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே நூறு மைல் நெடுஞ்சாலை கிடக்கலாம். அதனால் ஸ்கிட் ஸ்டீயர் என்னும் சிறிய லோடரையோ சிறிய எக்ஸ்கவேட்டரையோ டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போகிறார்கள். புது டீசல் பிக்கப் 60,000, 70,000 டாலர் என்று விலை சொல்லும்போது பலர் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். தேடும்போது முதலில் கேட்பது எஞ்சினையும் அதன் இழுவிசையையும்தான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. பாரத்தைத் தாங்கவும் நிறுத்தவும் வண்டிக்கு எவ்வளவு திறன் இருக்கிறது என்று முதலில் பார்த்து வாங்குகிறவர்தான் பணத்தையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,080 கிலோ எடையுள்ள ஒரு லோடர். அதைச் சுமக்கும் டிரெய்லர் 3,500 பவுண்டு. கூடுதல் பக்கெட்டும் கருவிகளும் 1,000 பவுண்டு. மொத்தம் 13,500 பவுண்டு. பின்புற ஹிட்சில், அதாவது இணைப்புக் கொக்கியில், மாட்டும் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் மேலேயே அமர வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் ஆடத் தொடங்கும். ஆக 1,350 முதல் 2,025 பவுண்டு வரை ஹிட்சில் இறங்குகிறது. அதோடு நான்கு ஆட்கள், கருவிப் பெட்டி, பின்பெட்டியில் 100 காலன் டீசல் டாங்கி என்று சேர்ந்தால் இன்னும் 1,800 பவுண்டு ஆகிவிடும். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற நான்கு கதவு, நான்கு சக்கர இயக்க டீசல் வண்டிகள் பலவற்றில் சுமை வரம்பு 2,000 முதல் 3,000 பவுண்டுக்குள்தான் இருக்கிறது. 15,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் சொன்ன அதே வண்டி, இந்த ஆட்களோடும் கருவிகளோடும் 13,500 பவுண்டு டிரெய்லரை மாட்டியதுமே தன் சுமை வரம்பைத் தாண்டிவிடுகிறது. டீசல் எஞ்சினே இதற்கு ஒரு காரணம். ராம் வண்டிகளில் வரும் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் எஞ்சின் மட்டும் அரை டன் எடை. அதனால் ஒரே மாடலில் பெட்ரோல் வண்டி ஏற்றும் சுமையைவிட டீசல் வண்டி ஏற்றக்கூடியது குறைவு. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த வரம்புகள் இருக்கின்றன. விற்பவர் சொல்வதற்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை அப்படியே நம்ப முடியாததற்கு வரலாறும் காரணம். நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் அந்த எண்ணைக் கணக்கிட்டது. பிறகு வாகனப் பொறியாளர்கள் சங்கம் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் நீள ஏற்றத்தை, கடும் வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறுவது அதன் ஒரு பகுதி. டொயோட்டா 2011 மாடலிலேயே இதை ஏற்றுக்கொண்டது. ஃபோர்டு, ஜிஎம், ராம் மூன்றும் 2010-களின் நடுப்பகுதியில்தான் வந்து சேர்ந்தன. ஆகவே 2005 வண்டியின் 13,000 பவுண்டும் 2018 வண்டியின் 13,000 பவுண்டும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல.

ஏற்றத்தில் வண்டி திணறினால் தாமதம் மட்டுமே நஷ்டம். இறக்கத்தில் பிரேக் தளர்ந்தால் உயிர் போகும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை 11,000 அடிக்கு மேல் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி, ஏறக்குறைய 7 சதவீதச் சரிவில் மைல் கணக்கில் இறங்குகிறது. பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே சரளை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். வண்டியும் டிரெய்லருமாக 22,000 பவுண்டு இருந்தால், அந்தச் சரிவில் 1,500 பவுண்டுக்கும் மேற்பட்ட விசை ஓயாமல் கீழே தள்ளுகிறது. காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைக்கும் அமைப்பு டீசலில் கிடையாது. காலை எடுத்தாலும் எஞ்சின் தானாக அதிகம் பிடித்து நிறுத்தாது. புகைப்போக்கை நெருக்கி எஞ்சினையே பிரேக்காக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இங்கேதான் தேவைப்படுகிறது. 2007-இன் நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் இந்த வசதியோடு வந்தது. டிரெய்லர் பிரேக்கை வண்டியிலிருந்தே கட்டுப்படுத்தும் கருவியை ஃபோர்டு 2005 மாடல் சூப்பர் டியூட்டி பிக்கப்பில் தொழிற்சாலையிலேயே பொருத்தத் தொடங்கியது. பழைய வண்டியில் விலை கொடுத்து வாங்கத் தகுந்தவை இவைதான்.

டிரெய்லருக்குத்தான் தனி பிரேக் இருக்கிறதே என்பார்கள். இருக்க வேண்டும், சட்டமும் அதைக் கேட்கிறது. ஆனால் பெரும்பாலான டிரெய்லர்களில் இருப்பது மின்சார டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் அதுவும் சூடேறித் தளரும். வயர் ஒன்று அறுந்தால் முழு பாரத்தையும் நிறுத்த வேண்டியது பிக்கப்தான். பின்னால் காற்றுப்பை ஸ்பிரிங் போட்டுக்கொண்டால் போதும் என்பது இன்னொரு வாதம். அது வண்டியின் தாழ்ந்த முதுகை நிமிர்த்தும், அவ்வளவுதான். அச்சு, டயர், வீல் பேரிங், பிரேக் எதன் வரம்பையும் அது ஒரு பவுண்டுகூடக் கூட்டாது.

பழைய எஞ்சின்தான் கெட்டி என்ற வாதத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினும், 1998 வரை வந்த 12 வால்வ் கம்மின்ஸ் எஞ்சினும் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனவை. 7.3-க்கு அடுத்து வந்த 6.0 லிட்டரில் ஆயில் கூலர் அடைத்துக்கொண்டு, அதன் தொடர்ச்சியாக மற்றொரு கூலர் வெடித்து, ஹெட் கேஸ்கெட் போவது அடிக்கடி நடந்தது. 2011 மாடலில் ஜிஎம்மின் டியூராமேக்ஸிலும் ஃபோர்டு 6.7-இலும் வந்த சிபி4 உயரழுத்த பம்ப் உடைந்தால் உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை பரவி, எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். ஆனாலும் எஞ்சின் கெட்டியாக இருப்பதால் வண்டியும் கெட்டி என்றாகாது. 12 வால்வ் எஞ்சினைச் சுமந்த தொண்ணூறுகளின் டாட்ஜ் ராம் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவீனமானது. பின்சக்கரங்களில் டிரம் பிரேக். 1989-இல் 400 பவுண்டு-அடியாக இருந்த கம்மின்ஸ் முறுக்குவிசை, 2019-இல் 1,000-ஐத் தொட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் சேஸிஸ், பிரேக், கியர்பாக்ஸ், குளிர்விப்பு எல்லாமே சேர்ந்து வளர்ந்தன. அந்த வளர்ச்சியை விட்டுவிட்டு எஞ்சின் பெயரை மட்டும் வாங்குவது அரைகுறைப் பேரம்.

எனவே வண்டியைப் பார்க்கும்போது கண் கீழே போக வேண்டும். பனி உருக உப்புக் கொட்டும் வட மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் சேஸிஸ், பிரேக் குழாய், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களில் துரு தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். கியர் ஆயில் கருகிய வாடை அடித்தால் அளவு மீறி இழுத்த வண்டி. மைல் கணக்கோடு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் கேட்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே ஓடிய எஞ்சினின் தேய்மானம் மைல் மீட்டரில் தெரியாது. புகை வடிகட்டியைக் கழற்றிப் பலத்தைக் கூட்டியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. தூய காற்றுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. அப்படிக் கழற்றப்பட்ட டீசல் பிக்கப்கள் பத்தாண்டில் 5,50,000-க்கும் மேல் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. கூட்டிய பலம் ஹெட் கேஸ்கெட்டையும் கியர்பாக்ஸையும்தான் முதலில் பதம் பார்க்கும்.

பின்னால் நான்கு டயர் உள்ள 3500 வகை வண்டிக்கு விலை கூடுதலாயிற்றே, சிறு தொழில் செய்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, சிறிய வண்டியில் பெரிய பாரம் ஏற்றுவதாக இருக்க முடியாது. மாதம் ஓரிரு முறை மட்டும் இயந்திரத்தை நகர்த்துபவர், அந்த நாளுக்கு லாரிக்காரரிடம் வாடகை கொடுப்பது மலிவு. வாரம்தோறும் இழுப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை செலவாகாது. டயரிலும் பிரேக்கிலும் கியர்பாக்ஸிலும் திரும்பி வரும் முதலீடு அது. வண்டி, டிரெய்லர் இரண்டின் வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லரின் வரம்பு 10,000-ஐத் தாண்டியிருந்தால் வணிக ஓட்டுநர் உரிமமும் வேண்டும். இதையும் வாங்கும் முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும். லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடை இருக்கிறது. முதலில் உங்கள் இயந்திரத்தோடு டிரெய்லரை அங்கே நிறுத்தி எடை பாருங்கள், அதன் பிறகு வண்டி தேடுங்கள். அந்தப் பாரம் வண்டியின் மேல் இறக்கும் எடை, ஆட்களும் கருவிகளும் சேர்ந்து, கதவு ஸ்டிக்கரில் உள்ள வரம்புக்குள் அடங்காவிட்டால், எஞ்சின் எவ்வளவு பேர்பெற்றதானாலும், விலை எவ்வளவு மலிவானாலும், அந்த வண்டி வேண்டாம்.