அந்தரத்தில் நிற்கும் சிட்டு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மின்மாற்றி ஒன்றின் அருகே நின்றிருக்கிறீர்களா? 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி கேட்கும். ஒரு சிறு பறவையின் சிறகொலிக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு.

"எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு ரீங்காரச் சிட்டு வந்தது" என்று மாணவர்கள் சிலர் சொல்வதுண்டு. வந்தது தேன்சிட்டு. ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே தேனருந்தும். சிறிது நேரமே அந்தரத்தில் நிற்கும். ரீங்காரச் சிட்டோ அந்தரத்தில் நின்றபடியே அருந்தும்.

எப்படி நிற்கிறது? காற்றைக் கீழே தள்ளினால், காற்று பறவையை மேலே தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. கணக்கிட்டுப் பார்ப்போமா? பறவையின் நிறை 4 கிராம் என்றால், அதைத் தாங்க ஏறத்தாழ 0.04 நியூட்டன் விசை தேவை. காற்றை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கீழே தள்ளுவதாகக் கொள்வோம். 0.04-ஐ 2-ஆல் வகுத்தால் 0.02 கிலோகிராம். அதாவது, விநாடிதோறும் 20 கிராம் காற்றைத் தள்ள வேண்டும். தன் நிறையைப் போல் ஐந்து மடங்கு! இந்த உழைப்புக்கு ஈடாகவே அது ஓயாமல் தேனைத் தேடுகிறது.

பெரும்பாலான பறவைகள் இறக்கையை உயர்த்தும்போது ஓரளவு மடக்கிக்கொள்கின்றன; அப்போது தூக்குவிசை கிடைப்பது அரிது. ரீங்காரச் சிட்டின் இறக்கை, படுக்க வைத்த 8 போல முன்னும் பின்னும் வீசுகிறது. திரும்பும்போது இறக்கை புரண்டு மறுபடியும் காற்றைத் தள்ளுகிறது. எடையில் முக்கால் பங்கை முன்வீச்சும் கால் பங்கைப் பின்வீச்சும் தாங்குவதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

இனி ஒலிக்கு வருவோம். கலிபோர்னியாவின் அன்னா ரீங்காரச் சிட்டு விநாடிக்கு சுமார் 40 முறை சிறகடிக்கிறது. ஒவ்வொரு முறையும் காற்று இருமுறை உந்தப்படுகிறது. எனவே 40 ஹெர்ட்ஸுடன் 80 ஹெர்ட்ஸும் வலுவாக எழுகிறது; மேலும் பல மேற்சுரங்களும் சேர்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிவாங்கிகளைக் கொண்டு இந்த ஒலியின் தோற்றத்தை ஆராய்ந்த முடிவுகள் 2021இல் வெளிவந்தன.

மின்மாற்றியிலும் இதே கதைதான். மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் இரும்பு உள்ளகம் இருமுறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. ஆகவே நாம் கேட்பது 100 ஹெர்ட்ஸ்!

பழவேற்காடு ஏரிக்குச் சென்றால், கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே அந்தரத்தில் நிற்பதைக் காணலாம். ஆனால் ரீங்காரம் கேட்காது. அதன் சிறகடிப்பு விநாடிக்கு இருபதை எட்டுவதில்லை. அதற்குக் கீழான அதிர்வை நம் செவி சுரமாக உணராது. அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போகும்போது உற்றுப் பாருங்கள். காது கொடுத்தும் கேளுங்கள்.