கருப்புப் பைனின் இரண்டாம் தளிர்

மரத்தை வாட்டி வதக்கித்தான் போன்சாய் ஆக்குகிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வாடிய மரத்தில் போன்சாய்க் கலைஞரின் முக்கியமான வேலை எதுவுமே நடக்காது. கத்தரி பட்டால் மீள அதற்குத் தெம்பு இருக்காது.

ஜப்பானில் ‘குரோமாட்சு’ என்று அழைக்கப்படும் கருப்புப் பைனைப் பாருங்கள். உப்புக்காற்றுக்கு அசராத கடலோர மரம். தரையில் வளரும்போது இதன் ஊசியிலை பத்து சென்டிமீட்டர் வரைகூட நீளும். தொட்டியில் அதே மரத்தின் இலை இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நின்றுவிடும். விதை ஒன்றுதான், குட்டை ரகம் கிடையாது.

வசந்தத்தில் ஒவ்வொரு கிளை நுனியிலும் மெழுகுவத்திபோல் ஒரு குருத்து நிமிரும். அதுவரை உரம் தாராளமாகப் போடுவார்கள். கோடையின் தொடக்கத்தில் அந்தக் குருத்துகளை அடியோடு வெட்டி எறிவார்கள். இதற்கு ‘மேகிரி’ என்று பெயர். பார்ப்பவருக்குக் கொடுமையாகத்தான் தெரியும். நுனிக் குருத்து ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, மற்ற மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனால் அடக்குமுறையும் போகும். வெட்டிய இடத்தின் அடியில் சில வாரங்களில் புது மொட்டுகள் கிளம்பும். கோடையில் மிச்சமிருப்பது கொஞ்ச நாள்தான் என்பதால் இந்த இரண்டாம் தளிரின் இலைகள் குட்டையாகவே முற்றிவிடும்.

எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. மரத்தின் உச்சி எப்போதும் பலசாலி, அடிக்கிளைகள் நோஞ்சான். அதனால் நோஞ்சான் குருத்துகளை முதலில் வெட்டுவார்கள். பலமானவற்றுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்தே கத்தரி. தாமதமாக வெட்டுப்படும் உச்சிக்கு மறுபடி வளர நாள் குறைவு. இரண்டும் சமமாகிவிடும்.

ஐந்தூசிப் பைனில் இந்த வித்தை பலிக்காது. அது ஆண்டுக்கு ஒரு முறைதான் துளிர்க்கும். குருத்தை முழுதாக வெட்டாமல், நுனியை மட்டும் கிள்ளுவார்கள். 1625 முதல் பராமரிக்கப்பட்டு வரும் யமாகி பைன் இந்த இனம்தான். 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு மதிலின் மறைவில் பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இன்று வாஷிங்டனில் இருக்கிறது. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001-இல் யமாகி குடும்பத்துப் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரியவந்தது.

மரத்துக்கு வயதான தோற்றம் தருவது கம்பி. முதிர்ந்த பைனின் கிளைகள் பாரத்தால் கீழே சரியும். இளங்கிளையில் செப்புக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி அதே சரிவைக் கொண்டுவருகிறார்கள். வளைந்த நிலையிலேயே புது மரக்கட்டை வளையமாகப் படிவதால், கம்பியைக் கழற்றிய பிறகும் கிளை நிமிராது. கழற்ற மறந்தால் பட்டையில் கம்பி புதைந்து, திருகுத் தழும்பு பல ஆண்டுகளுக்கு மறையாது.

வேரையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மொட்டு விரியும் முன் வெட்டிச் சீராக்கி மண் மாற்றுவார்கள். பழைய மண்ணை முழுதும் உதறிவிடக் கூடாது. அதில் வெண்மையாகப் படர்ந்திருக்கும் பூஞ்சை, நீரையும் சத்தையும் வேருக்கு எடுத்துத் தரும் கூட்டாளி. ‘அகடாமா’ என்ற எரிமலை மண் குருணையைக் கலப்பது, நீர் வடிந்த இடைவெளியில் காற்று புகுவதற்காக. தண்ணீர் ஊற்றப் பழக மூன்று ஆண்டு என்பது ஜப்பானியத் தோட்டங்களில் வழங்கும் பேச்சு.

வரவேற்பறை மேசையில் பைனை நிரந்தரமாக வைக்க ஆசைப்படுபவர்கள் அதை இழந்துதான் போவார்கள். அதற்கு நேரடி வெயில் வேண்டும், குளிர்கால ஓய்வும் வேண்டும். ஜப்பானிய வீடுகளிலும் விருந்தினர் வரும்போது சில நாள் மட்டும் உள்ளே வைத்துவிட்டு, மறுபடி வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள்.